கறுப்பு வேட்டி கட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா

போன வாரம் எங்கள் ரிஜிஸ்தர் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய சிநேகிதி ஒருத்தி போன் செய்தாள். "எல்லாம் சரிடி செல்வி. உங்கப்பா திரும்ப எப்பதான் பேசினாரு? அத்தச் சொல்லாம வுட்டுட்டியே!" என்று சண்டைக்கு வந்தாள்.

அவர் பேசிய கதை ஒரு கிறிஸ்துமஸ் கதை. மார்கழி பிறக்கட்டும் என்று வைத்திருந்தேன். இதோ, பிறந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. அப்போது நாங்கள் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். இன்று அங்கே காபிக் கடைகளும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுமாக நிற்க இடமில்லை. அன்று புளியமரமும் மண் ரோடும்தான்.

வாசலில் கேரல் கோஷ்டி வந்து நின்றிருந்தது. பண்டிகைக்கு முன்னால் சர்ச் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்களே, அதுதான். ஒரு டோலக்கு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, கழுத்து வரை மப்ளர் சுற்றிய பாட்டு மாஸ்டர், கும்பலாகப் பிள்ளைகள். எல்லாம் இருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவைத்தான் காணோம்.

அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா என்பவர் சர்ச்சிலேயே ஒல்லியான ஒரு வாலிபர். சிவப்பு சாட்டின் அங்கி, வயிற்றுக்குத் தலையணை, பஞ்சுத் தாடி, எல்லாவற்றுக்கும் மேலே ரோஸ் கலரில் ஒரு பிளாஸ்டிக் முகமூடி. அந்த முகமூடியைப் பார்த்து அழாத குழந்தை எங்கள் பக்கத்தில் கிடையாது. அன்றைக்கு இரண்டு வீடு தாண்டுவதற்குள் முகமூடியின் ரப்பர் அறுந்துபோய்விட்டது. நூல் வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனவர் போனவர்தான்.

பாட்டு மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது சந்து முனையில் ஒருவர் திரும்பினார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை. வெறுங்கால். முகம் நிறைய வெள்ளைத் தாடி. தோளில் ஒரு கோணி மூட்டை, கையில் ஒரு துணிப்பை.

தாடிதான் எனக்குப் புதிது. நடை தெரியும். இரண்டு வருஷமாகப் பார்க்காத நடை.

"யாரு அது?" என்றார் பக்கத்தில் நின்ற என் மாமியார்.

"எங்கப்பா" என்றேன்.

அத்தை ஒரு நொடி அவரைப் பார்த்தார், அவர் மாலையைப் பார்த்தார். பிறகு, "ஐயையோ, ஆட்டுக்கறி!" என்று சமையலறைக்கு ஓடினார்.

பக்கத்து ஆள் மூலமாக ஒரு டிக்கெட்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த இரண்டு வருஷத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அப்பா ஏழுமலை கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டையும் போட்டவர். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். என் வீட்டுக்காரர் ஜெயசீலன், நான் காலேஜுக்கு வந்துபோன பஸ்ஸில் கண்டக்டர். கிறிஸ்தவர். விஷயம் தெரிந்ததும் அப்பா கத்தவில்லை. "எனக்குப் பொண்ணு இல்ல" என்று ஒரு வரி சொன்னார். அதற்கப்புறம் அதற்கு மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோபப்படுவது அவர் உரிமை. கஷ்டம் என்னவென்றால், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வர அவருக்கு வாய்த்ததும் அதே பஸ்தான்.

என் வீட்டுக்காரர் டிக்கெட் கேட்டு வருவார். அப்பா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே பக்கத்து சீட்டுக்காரரிடம், "எனக்கு ஒரு திருவண்ணாமலை வாங்குங்க" என்பார். பக்கத்து ஆள் பணத்தை வாங்கிக் கையை இந்தப் பக்கம் நீட்டுவார். டிக்கெட் அந்தப் பக்கம் போகும். பஸ்ஸில் எல்லோருக்கும் கதை தெரியும். சில பேர் வேடிக்கை பார்க்கவே அப்பா பக்கத்தில் இடம் பிடிப்பார்களாம்.

ஒரு நாள் பஸ்ஸில் அவரையும் இவரையும் தவிர முழித்திருந்தவர் யாருமே இல்லை. கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவியைத் தட்டி எழுப்பி, அந்த அம்மாள் கையால் டிக்கெட் வாங்கினாராம் அப்பா.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் வந்து சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்போம்.

கன்னிசாமி

மூன்றாவது வருஷம் கார்த்திகையில் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். வாழ்க்கையில் முதல்முறை. முதல்முறை போகிறவரைக் கன்னிசாமி என்பார்கள். புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, கன்னிசாமிக்குத்தான் சட்டதிட்டம் ஜாஸ்தி. கறி மீன் கூடாது, சவரம் கூடாது, பொய் கூடாது, கோபம் கூடவே கூடாது. எதிரில் வருகிறவர் யாரானாலும் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும்.

அப்பா எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிறவர். ஏர் மாட்டைக்கூட, "திரும்பு சாமி, திரும்பு" என்று ஓட்டினாராம். அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த விரதத்தோடு அவர் பஸ் ஏறிய அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கேஷ் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"உங்கப்பா என்னைக் கூப்பிட்டாரு செல்வி."

"என்னானு?"

"சாமி, ஒரு திருவண்ணாமலைனு. நேரா என் மூஞ்சப் பாத்து."

"டிரைவரக்கூடத்தான் சாமின்னிருப்பாரு. மாலை போட்டா எல்லாரும் சாமிதான்" என்றேன்.

"இருக்கட்டுமே" என்றார். அன்று இரவு ஒரு தோசை கூடச் சாப்பிட்டார்.

இந்த விரதத்தை எங்கள் அம்மா சரியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் பூஜை முடிந்து அப்பா சாந்தமாக உட்கார்ந்திருந்த நேரம். "தலை தீபாவளிக்குத்தான் மாப்ளய கூப்பிடல. அவங்களுக்கு தீபாவளி கிடையாது, போவட்டும். தலை கிறிஸ்துமஸ்னு ஒண்ணு இருக்குதாமே? எத்தினி வருஷம் ஆனாலும் மொத மொத கூப்பிடறதுதான் தலையாம். அதுக்குப் பொண்ணு வூட்டுல கூப்பிடலன்னா பெரிய பாவம்னு சொல்றாங்க. மலைக்கு வேற போறீங்க" என்று எடுத்துவிட்டார்.

அப்படி ஒரு சடங்கு உலகத்தில் எங்குமே இல்லை. அம்மா தானாக உண்டாக்கியது. அப்பாவால் கோபப்பட முடியாது. கடமை என்று தெரிந்தபின் சும்மா இருக்கவும் முடியாது. பூ, பழம், வேட்டி, புடவை, அந்த வருஷத்து மல்லாட்டையில் ஒரு மூட்டை. கிளம்பிவிட்டார்.

அத்தையும் கேழ்வரகும்

மாமியாரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். ரூபியம்மா என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்; மீதிப் பேருக்கு ஊசி போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஐந்து நிமிஷம் லேட்டாகப் போனால் அன்று முழுக்க முகம் சரியிருக்காது.

கல்யாணமான முதல் வருஷம் கிறிஸ்துமஸ் என்றால் ஏதோ இங்கிலீஷ் பண்டிகை என்று பயந்துகொண்டிருந்தேன். பார்த்தால், முதல் நாள் அத்தை அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். முறுக்கு, சோமாசு, புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள். என் அம்மா வீட்டுத் தீபாவளி ஒன்றரை மாசம் லேட்டாக வந்த மாதிரி இருந்தது.

வாசலில் காகித ஸ்டார் கட்டி உள்ளே பல்பு போட்டோம். வீட்டுச் சொந்தக்கார அம்மா வந்து அண்ணாந்து பார்த்து, "தீபத்துக்குக் கட்டினதா? நல்லா இருக்குது. பொங்கல் வரைக்கும் கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் கார்த்திகையிலிருந்து எந்த வெளிச்சத்தைக் கண்டாலும் கணக்கு தீபத்தில்தான் போய்ச் சேரும்.

ஏசு பிறந்த மாட்டுக் கொட்டகையைச் சின்னதாகச் செய்து வைப்பார்கள். குடில் என்பார்கள். புல்தரைக்காகக் கேழ்வரகை முளைக்கப் போட்டிருந்தார் அத்தை. அது மஞ்சளாக வெளிறிக் கிடந்தது. நான் தண்ணீரைக் குறைத்து, சாம்பல் கொஞ்சம் தூவி, காலை வெயிலில் தூக்கி வைத்தேன். நாலே நாளில் பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றது. அப்புறம் குடிலில் இருந்த பொம்மை மாட்டுக்குத் தீவனம் எங்கே என்று கேட்டு ஒரு கைப்பிடி வைக்கோலும் கிள்ளிப் போட்டேன்.

அத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "விவசாயி வூட்டுப் பொண்ணு வந்தாத்தான்டா குடிலு குடிலா இருக்குது" என்று மகனிடம் சொன்னார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. என்னோடு நிறுத்தாமல், என் அப்பாவையும் சேர்த்துச் சொன்னதால் கொல்லைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நெஜ தாடி

சந்து முனையில் அப்பாவை நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவரைக் கவனிக்க வேண்டும்.

முதலில் பார்த்தது ஒரு சின்னப் பெண். "டேய், தாத்தா வந்துட்டாருடா!" என்று கூவினாள். அவ்வளவுதான். இருபது பிள்ளைகளும் பெட்ரோமாக்ஸை விட்டுவிட்டு ஓடினார்கள்.

"சாமி, சாமி, இருங்க சாமி" என்று அப்பா தடுமாறினார். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் நாலு பேர் முதுகில் அறை விழுந்திருக்கும். இப்போது கோபப்படக் கூடாது. ஒருத்தன் எகிறி அவர் தாடியைப் பிடித்து இழுத்தான்.

"டேய், நெஜ தாடிடா!"

"ஏன் தாத்தா கறுப்பு டிரஸ்ல வந்தீங்க?"

"மாலை போட்டிருக்கேன் சாமி."

"மூட்டையில என்னா தாத்தா?"

"மல்லாட்டை சாமி."

"எங்களுக்கா?"

அப்பா மூட்டையைப் பார்த்தார். சம்பந்தி வீட்டுக்கு என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கட்டியது. இல்லை என்று சொன்னால் இத்தனை முகமும் வாடும். ஆமாம் என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் யோசித்தவர் புளியமரத்தடியில் மூட்டையை இறக்கி வாயைப் பிரித்தார்.

இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். பாவாடையில், டவுசர் பையில், கம்பளிக் குல்லாயில். புது மல்லாட்டையின் மண்வாசனை வாசல் வரை அடித்தது. நான் படியிலேயே நின்றிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வதென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டு மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாத்தா எந்த நிறத்தில் வந்தால் என்ன? டோலக்கைத் தட்டச் சொன்னார். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். அப்பா காதைத் தீட்டிக் கேட்டார். "பஜனையா?" என்றார் பக்கத்திலிருந்த பையனிடம். அவன் தலையாட்டினான். ஒரு மாசமாகத் தினம் பஜனையில் உட்கார்ந்து பழகிய மனுஷர். தாளம் கிடைத்ததும் கை தானாகத் தட்டியது, தலை ஆடியது. மூன்றாவது பாட்டில் கண்ணை மூடிவிட்டார்.

பாட்டு முடிந்தது. பஜனையில் பாட்டு முடிந்தால் என்ன செய்வார்களோ அதை அப்பா செய்தார். அடிவயிற்றிலிருந்து, "சாமியே..." என்று குரல் கொடுத்தார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருக்குமா? டிசம்பர் முழுக்கத் தெருவில் கேட்பதுதானே. சர்ச் பிள்ளைகள் இருபது பேரும் ஒரே குரலில், "சரணம் ஐயப்பா!" என்றார்கள்.

டோலக்கு நின்றது. பாட்டு மாஸ்டர் மப்ளரை இழுத்து வாயை மூடிக்கொண்டார். தப்பாக ஏதோ நடந்துவிட்டது என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் சமையலறையிலிருந்து அத்தை வந்தார். மசாலா தடவி வைத்திருந்த ஆட்டுக்கறியைச் சட்டியோடு கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கடத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊதுபத்தி கொளுத்திவிட்டு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டபடிதான் வந்திருக்கிறார். வாசலில் நின்று, எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்க்க, கை கூப்பினார்.

"வாங்க சம்பந்தி. பாட்டு நல்லா இருந்துச்சா?"

அந்த ஆட்டுக்கறி திரும்பி வரவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று பொய்கள்

உள்ளே பாயில் உட்கார்ந்து, புதுத் தம்ளரில் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு, அப்பா பூ, பழம், துணி வைத்த சீர்த்தட்டை நீட்டினார். என்னையும் பார்க்காமல் சுவரையும் பார்க்காமல், நடுவில் எங்கேயோ பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குத் தலை கிறிஸ்துமஸ். முறைப்படி உங்க புள்ளயும் எம் பொண்ணும் எங்க வூட்டுக்கு வரணும். நீங்களும் வரணும் சாமி."

எனக்குப் பொண்ணு இல்ல என்றவர், எம் பொண்ணு என்கிறார். நான் அதிலேயே நின்றுவிட்டேன். அத்தை தட்டைப் பார்த்தார். அறுபது கிறிஸ்துமஸ் பார்த்தவர், தலை கிறிஸ்துமஸ் என்று கேள்விப்பட்டதே இல்லை. கதவோரம் நின்ற என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க சம்பந்தி" என்றார். "எங்கள்ல அது ரொம்ப முக்கியம். எங்க நீங்க மறந்துடுவீங்களோனு நெனச்சினு இருந்தேன்."

என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து அந்த நேரத்தில்தான் படியேறினார். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா எழுந்தார்.

"வாங்க சாமி" என்றார் அப்பா.

"வாங்க மாமா" என்றார் இவர்.

மூன்று வருஷத்தில் முதல் மாமா. அப்பா அதைக் காதில் வாங்காத மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை சர்ச்சுக்குப் போய்விட்டு நாங்கள் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்க விடியலிலிருந்து வெந்நீரைச் சுட வைத்துச் சுட வைத்து, அடுப்பங்கரையில் அப்பா கரி பூசி நின்றிருந்தார். "சூரியன் வந்துடுச்சே. இனிமே எண்ணெய் வெக்கலாமா?" என்று நொந்துபோனார்.

"எங்கள்ல சர்ச் முடிஞ்சப்புறம்தான் வெக்கணும் சம்பந்தி" என்றார் அத்தை. இது இரண்டாவது.

"மாலை போட்ட வூடு. கறி ஆக்க முடியல. குத்தமாயிடுமா சாமி?"

"தலை கிறிஸ்துமஸ் அன்னிக்கிக் கறியே சேக்கக் கூடாது" என்றார் அத்தை, கூசாமல். தலையில் எண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அம்மாவை நிமிர்ந்து பார்த்த பார்வையை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

வடை, பாயசம், கத்தரிக்காய் சாம்பார். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பட்டாசுக் கட்டை எடுத்து வந்தார். தீபாவளிக்கே வாங்கி வைத்தது என்று அம்மா என் காதில் சொன்னார். பரண்மேல் இருந்து நமத்துப்போனதில் பாதி வெடிக்கவில்லை. ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்னா ஏழுமல, என்னா விசேஷம்?" என்று கேட்டார்கள். "மாப்ளைக்குத் தலை கிறிஸ்துமஸ்" என்று அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். 'மாப்ளைக்கு' என்று ஊரிடம்தான் சொன்னார். மாப்பிள்ளையிடம் இன்னும் சாமிதான்.

அடுத்த ஞாயிறு அத்தை சர்ச்சில் வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தார். வெளியே வந்து என்னிடம், "மூணு பொய். மூணும் உங்கப்பனுக்காக. கணக்கத் தீத்துட்டேன்" என்றார்.

மாலை கழற்றிய பிறகு

என் வீட்டுக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே கவலை. "தை மாசம் மாலையக் கழட்டிடுவாரு. அப்புறம்?" என்பார். எனக்கும் அதேதான். விரதம் பேச வைத்த வாய், விரதம் முடிந்ததும் மூடிக்கொண்டால்?

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை. கதவு தட்டும் சத்தம். இவர்தான் திறந்தார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். மழமழவென்று சவரம் செய்த முகம், வெள்ளை வேட்டி, கையில் பிரசாத டப்பா. அப்பா.

அவர் வாயைத் திறந்தார். "சா..." என்றவர் நிறுத்திக்கொண்டார். கை கழுத்துக்குப் போனது. அங்கே மாலை இல்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, செல்வி இருக்குதா?"

"இருக்குது மாமா. உள்ள வாங்க."

சிநேகிதி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

வந்துபோன கிறிஸ்துமஸ்கள்

அதற்குப் பிறகு அப்பா வருஷா வருஷம் மாலை போட்டார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மூட்டையோடு வந்தார். சிவப்பு அங்கிக்காரருக்கு எங்கள் சந்தில் மவுசு போயேபோய்விட்டது. கிறிஸ்துமஸ் தாத்தா கறுப்பு வேட்டி கட்டுவார், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார் என்று நம்பி வளர்ந்த ஒரு தலைமுறையே எங்கள் பக்கத்தில் உண்டு. என் மகன் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா படம் வரையச் சொன்னபோது கறுப்பு அடித்துக் கொடுத்துவிட்டு, டீச்சரிடம் அடிவாங்கி வந்தான்.

பிறகு ஊர் மாறியது. காகித ஸ்டார் போய் பிளாஸ்டிக் ஸ்டார் வந்தது. அதுவும் போய் பளிச்பளிச்சென்று கண்ணடிக்கும் ஸ்டார் வந்தது. காபிக் கடைகளில் பிளாஸ்டிக் மரம் நட்டுப் பஞ்சை ஒட்டி வைத்தார்கள். பனியாம். வெளியே மார்கழி வெயில் மண்டையைப் பிளக்கும்.

எங்கள் மாடியில் ஒரு வெளிநாட்டு அம்மாள் குடியிருந்தார். தினம் கிரிவலம் போகிறவர். அத்தை கிறிஸ்துமஸுக்குப் பிரியாணியோடு மாடியேறினார். அந்த அம்மாள் கை கூப்பி, கிறிஸ்துமஸ் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினார். "பாவம், எந்த வூட்ல என்னா பிரச்சினையோ" என்று இறங்கி வந்த அத்தை, சாயங்காலம் அதிரசத்தோடு மறுபடி ஏறினார். அதை அந்த அம்மாளால் மறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் அவரே கீழே வந்து மாவு இடித்தார்.

பண்டிகை இல்லாத வருஷம்

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாசம், அப்பா போய்விட்டார். படுக்கையில் கிடக்காமல், தூக்கத்திலேயே.

டிசம்பர் வந்தது. ஸ்டார் எடுக்க நான் பரணில் ஏணி வைத்தேன். அத்தைக்கு அப்போது வயசு எண்பதுக்கு மேல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வேணாம், இறங்கு" என்றார். "சம்பந்தி நம்மள வுட்டுப் போன வருஷம் இது. நமக்குப் பண்டிகை இல்ல."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர்கள் வழக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. அத்தையின் சொந்தத் தம்பி இறந்த வருஷம்கூட ஸ்டார் எரிந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லப்போனார். அத்தை கையை உயர்த்தினார்.

அதிரசம் இல்லை, குடில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று வெள்ளைப் புடவையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பண்டிகை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் ஊர் முறை. ஸ்டார் கட்டாததைத் தெருவே கவனித்திருக்கிறது. எதிர் வீட்டு அம்மாள் முதலில் வந்தார், தட்டை மூடிக்கொண்டு. "உங்களுக்குப் பண்டிகை இல்லியே, அதான்" என்றார். திறந்தால் பேக்கரி கேக். அடுத்து பால்காரர் வீடு, கேக். மளிகைக் கடைக்காரர், கேக். கிறிஸ்துமஸுக்கு என்ன பலகாரம் கொடுப்பது என்று அத்தனை பேரும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். மதியத்துக்குள் மேஜையில் இடமில்லை.

அத்தை ஒன்றையும் தொடவில்லை.

மூன்று மணிக்கு அம்மா வந்து இறங்கினார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில், தனியாக, மடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் ஸ்டார் கட்டல?"

நான் சொன்னேன். அம்மா நேரே அத்தையிடம் போனார். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு வருஷத் தீட்டு கிடையாது சம்பந்தியம்மா. எங்க வூட்டுக்குத்தான் பண்டிகை இல்ல. உங்க வூட்டுல எதுக்கு நிறுத்தினீங்க? யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல" என்றார் அத்தை. "எங்க வேதத்துல சம்பந்திக்கு எத்தினி நாளுனு எழுதல. நானா வெச்சிகினேன்."

அம்மா தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தையின் கை மெல்ல இறங்கி அம்மாவின் தலையில் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் கிரீம் போட்ட கேக். பஸ்ஸில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஹேப்பி... பர்த்டே... ஏசுசாமி."

"பொறந்த நாள் கேக்குனு கேட்டேன். பேக்கரியில பேரு என்னானு கேட்டாங்க. சொன்னேன்" என்றார் அம்மா. "தப்பா?"

"என்னா தப்பு? அவருக்குத்தான பொறந்த நாளு."

"வயசும் கேட்டாங்க. அது எனக்குத் தெரியல. அதான் மெழுகுவத்தி ஒண்ணே ஒண்ணு போதும்னு வாங்கினு வந்துட்டேன்."

அத்தை சிரித்தார். ஆடி மாசத்துக்குப் பிறகு அன்றுதான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

மெழுகுவர்த்தியை நட்டுக் கொளுத்தினோம். என் வீட்டுக்காரர் ஊதுவதற்குக் குனிந்தார். அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "ஐய, விளக்க வாயால ஊதக் கூடாது மாப்ள!"

"ஆமாண்டா" என்றார் அத்தை. "எரியறத எதுக்கு அணைக்கணும்?"

அப்புறம் என்ன செய்வது? சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். கிரீமில் மெழுகு வழிந்து வழிந்து, 'ஏசு' முதலில் மறைந்தது, பிறகு 'சாமி' மறைந்தது. அது தானாக அணைந்த பிறகுதான் வெட்டினோம். வாயில் மெழுகு தட்டியது. அத்தை இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.